செவலை வளர்த்த வாத்துகள்

எங்கள் வீட்டில் கோழி என்பது என் மனைவியின் இலாகா. நாற்பது வருடமாக அப்படித்தான். நான் தபால் துறையில் ஊர் ஊராக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவள் பாபநாசம் பக்கத்திலுள்ள இந்தக் கிராமத்து வீட்டில் என் அம்மாவோடு இருந்து, பிள்ளைகளையும் மாட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் இப்போது ஒருவன் சென்னையிலும் ஒருத்தி திருப்பூரிலுமாக இருக்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டையும் விற்றாகிவிட்டது. கோழி மட்டும் வம்சம் அறுபடாமல் கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

நான் ஓய்வு பெற்று வந்து சேர்ந்தபோது ஏழு பெட்டை, ஒரு சேவல். எல்லாம் நாட்டுக்கோழி. வந்த வாரமே அதிகாரி மாதிரி பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்து, "இந்த இடம் சரியில்லையே, வெயில் படற மாதிரி வைக்கலாமே" என்றேன். அவள் முறத்தில் இருந்த நொய்யை இறைத்துக்கொண்டே, "முப்பத்தெட்டு வருஷம் தபாலாபீசை நான் வந்து பார்த்தேனா?" என்று கேட்டாள். அத்தோடு கோழி விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

எனக்கென்று தோட்டம் ஒதுக்கப்பட்டது. கிணற்றடிக்கு அந்தப் பக்கம் கத்தரி, வெண்டை, கீரைப் பாத்தி, நாலு ரோஜா, இரண்டு பப்பாளி. வாழை முன்பே இருந்தது. எல்லைத் தகராறு மட்டும் ஓயவில்லை. நான் விதை தூவிய பாத்தியைக் கோழிகள் பத்து நிமிடத்தில் கிளறி எடுத்துவிடும். பழைய மீன்வலையைக் குச்சி நட்டுக் கட்டினேன். கோழியைத் தடுத்தாலும் நத்தையைத் தடுக்க முடியவில்லை.

இந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையை 1847-இல் ஒரு வெள்ளைக்காரர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார் என்று படித்திருக்கிறேன். அதன் சந்ததி எப்படியோ எங்கள் கொல்லை வரை வந்துவிட்டது. ஐப்பசி மழை விட்டதும் ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாத்தி முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். உப்பு வாளியோடு நான் நத்தை பொறுக்கப் போவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார்: "தம்பி, ரெண்டு வாத்து விட்டீங்கன்னா குஞ்சு நத்தை ஒண்ணு மிஞ்சாது. பெரிசா வளர்ந்தாத்தானே தொல்லை?"

வாத்து என்ற சொல்லே எனக்குள் ஐம்பது வருடத்துப் பழைய கதவு ஒன்றைத் திறந்துவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து வயல் தாளாகக் கிடக்கும்போது, ஆரணி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வாத்துக்காரர்கள் வருவார்கள். ஒரு கூட்டத்தில் ஐந்நூறு, ஆயிரம் வாத்துகள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கையில் நீளக் கழி. வரப்பில் ஏறி வயலில் இறங்கி, ஒரே உடம்பு போல அந்தக் கூட்டம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிந்திய நெல்லையும் பூச்சியையும் நத்தையையும் தின்றுவிட்டு எருவைப் போட்டுவிட்டுப் போகும் என்பதால் மிராசுதார்களும் தடுக்கமாட்டார்கள். ராத்திரி மேட்டில் வலை கட்டிப் பட்டி போட்டு அடைப்பார்கள். வாத்து விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். நாங்கள் சிறுவர்கள் இருட்டிலேயே தூக்குவாளியோடு போய்ப் பட்டி திறப்பதற்குக் காத்திருப்போம். வலை பிரித்ததும் தரையெல்லாம் வெளேரென்று முட்டை. காசு கொடுத்து வாங்குவது ஒரு பக்கம். பகலில் வாத்து போன வழியில் தாளுக்குள் தப்பிக் கிடக்கும் முட்டையைத் தேடி எடுப்பதுதான் எங்களுக்குக் குஷி.

ஒரு தடவை குஞ்சு ஒன்று வேண்டும் என்று அழுதேன். "கோழி இருக்குறப்ப வாத்து எதுக்கு? வீடெல்லாம் சேறாக்கும்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தை மாதக் கடைசியில், குடமுருட்டிக் கரையில் நடந்து போகும்போது வாத்துப் பட்டி ஒன்றைப் பார்த்தேன். இப்போது அறுவடையை இயந்திரம் செய்கிறது. அதற்குப் பிறகும் வயலில் நெல் சிந்தத்தான் செய்கிறது. வாத்துக்காரர்களும் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் கழியோடு ஒரு கைப்பேசியும், வாத்துகளை ஏற்றி இறக்க ஒரு லாரியும் வந்துவிட்டன. குஞ்சு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "குஞ்சு இல்லீங்கய்யா. சேவ வாத்து கூட இருக்கு, முட்டையெல்லாம் கருமுட்டைதான். பத்து முட்டை எடுத்துட்டுப் போய்க் கோழிக்கு அடியில வச்சுடுங்க. இருவத்தெட்டு நாளு. கடைசி பத்து நாளு தெனம் லேசா தண்ணி தெளிங்க. வாத்து தண்ணியில முழுகிட்டு வந்து ஈர ஒடம்போட ஒக்காரும், கோழி ஒக்காராதில்லியா?"

பத்து முட்டையை மேல்துண்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்று வழியிலேயே உடைந்தது.

அப்போது செவலை அடைக்கோழியாக இருந்தது. செவலை என்பது எங்கள் கொல்லையின் மூத்த பெட்டை. சிவப்பு நிறம், கழுத்தில் கொஞ்சம் கருப்பு. எத்தனை குஞ்சு பொரித்தாலும் பருந்துக்கு ஒன்றுகூடக் கொடுக்காது என்று பெயர் எடுத்தது. அதற்கென்று மனைவி பன்னிரண்டு முட்டை சேர்த்து வைத்திருந்தாள். நான் துண்டை அவிழ்த்தபோது அவள் முட்டைகளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஒரு ஈடு குஞ்சு போயிடும். தெரியுதா?"

"இந்த ஒரு தடவைதான்."

"நாப்பது வருஷத்துல நீங்க எங்கிட்ட கேட்ட முதல் கோழி சமாச்சாரம் இது" என்று சொல்லிவிட்டு, தன் பன்னிரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அன்றிரவு மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி ஒன்பது வாத்து முட்டையையும் அவளே செவலைக்கு அடியில் தள்ளினாள். கோழி ஒரு தடவை முனகியது. பிறகு மார்பை அகட்டி உட்கார்ந்துகொண்டது.

கோழி முட்டைக்கு இருபத்தோரு நாள். அதைச் செவலை கணக்கு வைத்திருக்குமோ என்று எனக்குப் பயம். இருபத்தோராம் நாளும் போனது, இருபத்திரண்டும் போனது. அது எழுந்து இரை பொறுக்கிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தது. தண்ணீர் தெளிப்பது என் வேலை. சட்டிக்குள் கையை விட்டால் கொத்தும். இருபத்தெட்டாம் நாள் விடிகாலையில் மனைவி என்னை எழுப்பினாள். ஆறு குஞ்சுகள். இரண்டு கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது. மஞ்சளும் பழுப்புமாக ஆறு உருண்டைகள், தட்டையான மூக்கோடு. செவலை அவற்றைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோழி கிளறிக் காட்டிக் கொக் கொக் என்று கூப்பிடும். குஞ்சுகளுக்குக் கிளறத் தெரியாது. காலில் விரல்களுக்கு நடுவே தோல் இருந்தால் எங்கே கிளறுவது? அவை ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து மூக்கைச் சேற்றில் விட்டுத் துழாவும். ஐந்தாம் நாள் வெயில் ஏறியபின் ஓர் அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆறும் ஒரே ஓட்டமாகப் போய் இறங்கிவிட்டன. செவலை இறக்கையை விரித்துக்கொண்டு தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அது கத்திய கத்தலில் சேவல் ஓடி வந்தது. மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். "எடுங்க வெளியில, அதும் பதைப்பு பாக்க முடியல" என்று அவள் சொல்ல, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து விட்டேன். குஞ்சுக்கு இருப்பது வெறும் தூவிதான்; அதிக நேரம் நனைந்தால் விறைத்துவிடும் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் விடக்கூடாது என்று எனக்கும் தெரியும்.

இது தினமும் நடந்தது. ஒரு வாரத்தில் செவலை கத்துவதை விட்டுவிட்டது. தாம்பாளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, ஏறி வரட்டும் என்று காத்திருக்கும். வந்ததும் நனைந்த குஞ்சுகளை அப்படியே இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத்தான் வாத்துக் கட்சிக்கு மாறினாள் என்று நினைக்கிறேன். பேத்தியிடம் போனில் பேசும்போது "நம்ம வாத்து" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இனி நான் சொல்லப் போவதை இதுவரை பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

ரோஜாவுக்கும் கத்தரிக்கும் ஊறவைத்து ஊற்றுவதற்காக ஐப்பசியிலேயே கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை வாங்கிப் பின்கட்டு அறையில் வெறுந்தரையில் போட்டு வைத்திருந்தேன். அடைமழைக்கு அந்தத் தரை ஓதம் ஏறும். பாதி மூட்டை மிச்சம். ஒருநாள் மனைவி அந்த அறையைக் கூட்டும்போது, "புண்ணாக்கு ஒரு மாதிரி பூசண வாடை அடிக்குதே" என்றாள். "அது செடிக்குத்தானே" என்றேன். அன்று அது உண்மைதான்.

குஞ்சுகளுக்கு இரண்டு வாரம் ஆனபோது, நொய்யும் தவிடும் போதாது, வளர்கிற ஜீவனுக்குப் புரதம் வேண்டும் என்று நானாக முடிவு செய்தேன். நான் தனியாகச் செய்யும் காரியம் ஒன்றாவது இருக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. மூட்டையில் மேலாகப் பச்சை பூத்திருந்த கட்டிகளை ஒதுக்கிவிட்டு, நன்றாக இருந்ததாகத் தோன்றியதை இடித்துத் தவிட்டோடு பிசைந்து மூன்று வேளையும் வைத்தேன். ஆவலாகத் தின்றன. மனைவியிடம் சொல்லவில்லை. நன்றாகக் கொழுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நாலைந்து நாளில் ஒரு ராத்திரி கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றோடு சாரல் உள்ளே வரவே, மனைவி எழுந்து போய்ச் செவலையையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தோடு தாழ்வாரத்துக்கு இழுத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்து படுத்தாள். காலையில் திறந்தால் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மறுநாள் இன்னொன்று. நடை தள்ளாடி, தலை பின்பக்கமாக வளைந்துகொண்டு, கால் கருநீலமாகிச் செத்தது. மூன்றாம் நாள் செத்ததைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் என் மகள் வயதுப் பெண். அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்து வீங்கியிருந்தது. "என்ன தீனி குடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு விளக்கினார். வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் ஒருவகைப் பூஞ்சை வரும். அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையை ஒதுக்கினாலும் நஞ்சு புண்ணாக்கில் இருக்கும், வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. பெரிய கோழி ஓரளவு தாங்கும். வாத்துக்குஞ்சு தாங்கவே தாங்காது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்திருக்கின்றன. கூடவே வாத்துக்குஞ்சுகளும். பெயர் தெரியாத நோய் என்று எக்ஸ் நோய் என்றே அழைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஒரு தீனியில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க வாத்துக்குஞ்சுக்கே கொடுத்துப் பார்ப்பார்களாம். அவ்வளவு சீக்கிரம் தாக்குமாம். "மிச்சம் இருக்கறதுக்கு இன்னிலேர்ந்து அதை நிறுத்திடுங்க சார். அரிசிநொய், கீரை, சுத்தமான தண்ணி போதும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வாசலில் மனைவி நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "குளிர் தாக்கியிருக்காம்" என்று என் வாய் சொன்னது. ஏன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி அவள் தூங்கியபின் மூட்டையைத் தரதரவென்று இழுத்துப்போய்க் கொல்லைக் கடைசியில் குழி வெட்டிப் புதைத்தேன். அறுபது வயது தாண்டிய மனுஷன், திருடனைப் போல, டார்ச்சைக் கூட அடிக்காமல்.

நாலாவது குஞ்சும் போனது. மிச்சம் இரண்டு.

தபாலாபீசில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கையிருப்பில் பணம் குறைந்தால், குறைந்தது யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் கைக்காசைப் போட்டுக் கட்டவேண்டும். நான் ஒரு நாளும் என் குறைவை அடுத்தவர் தலையில் கட்டியதில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது என் குறைவை வீட்டில் இன்னொருத்தி கட்டிக்கொண்டிருந்தாள் என்பது எட்டாம் நாள்தான் தெரிந்தது. மத்தியானம் கூடத்தில் படுத்திருந்தேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து மகளிடம் போனில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மழை அடிக்குதேன்னு தார்ப்பாயைப் போட்டேன்டி. மூச்சு முட்டிப் போச்சா, ஈரம் தாக்கிச்சான்னு தெரியல. எங்கையாலயே மூடிக் கொன்னுட்டேன். அவர் ஆசையா கொண்டாந்தது. அவர் ஒரு வார்த்தை என்னைக் கேக்கல பாரு."

சாயங்காலம் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணாக்கு, டாக்டர், புதைத்தது. அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. முதலில் கேட்டது, "கோழிக்கும் போட்டீங்களா?" என்றுதான்.

"இல்லை. குஞ்சுத் தட்டில்தான். செவலை கொஞ்சம் தின்றிருக்கும்."

எழுந்து போய்ச் செவலையைப் பிடித்து, கண்ணை, கொண்டையை, காலைத் திருப்பிப் பார்த்தாள். விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "எட்டு நாளா நான் தூங்கலீங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை காப்பி வழக்கம்போல வந்தது. ஆனால் அந்த மாதம் முழுக்கக் குஞ்சுகளுக்குத் தீனி வைக்க என்னை விடவில்லை.

மிஞ்சிய இரண்டும் வளர்ந்தன. இரண்டு மாதம் நெருங்கும்போது ஒன்றுக்குக் குரல் உரத்தது, மற்றதற்குக் கம்மியது. உரக்கக் கத்துவது பெட்டை, தொண்டை கட்டியதுபோல முனகுவது சேவல். பின்னால் சேவலுக்கு வாலில் ஒரு இறகு சுருண்டும் வந்தது.

செவலை அதற்கு முன்பே அவற்றை விட்டுவிட்டது. ஒருநாள் மாலை வழக்கம்போலப் பஞ்சாரத்துக்குள் வராமல் கொய்யா மரத்தில் பறந்து ஏறி மற்ற கோழிகளோடு உட்கார்ந்துகொண்டது. கோழிக்குஞ்சாக இருந்தால் பின்னாலேயே தத்தித் தத்திக் கீழ்க்கிளைக்காவது ஏறிவிடும். இந்த இரண்டும் மரத்தடியில் நின்று கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே இருந்தன. இருட்டும் வரை கத்தின. மனைவி தலைக்கு ஒரு கையாக அணைத்துத் தூக்கி வந்து, பழைய மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் போட்டு விட்டாள். அன்றிலிருந்து அதுதான் வாத்துகளின் இடம். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. கோழியும் வாத்தும் ஒரே கூட்டில் அடைந்தால், மேலே குச்சியில் இருக்கும் கோழியின் எச்சம் கீழே தரையில் படுக்கும் வாத்தின் மேல் விழும். வாத்து செய்யும் ஈரத்தில் கோழிக்குச் சளி பிடிக்கும்.

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அப்பா சொன்ன சேறு சத்தியமான வார்த்தை. வாத்துக்கு வாயில் தீனி எடுத்ததும் தண்ணீர் வேண்டும். குடிப்பதோடு நில்லாமல், கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவத் தலை முழுக்க முங்கவேண்டும். கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டி அரை மணியில் கழனியாகிவிடும். கோழிகள் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்க்கும். அவள் என்னைப் பார்ப்பாள். கடைசியில் மாடு இருந்த காலத்துக் கழுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து, அதில் வாத்து ஏற இறங்கச் செங்கல் படி வைத்தேன். சட்டியைக் கோழிகள் மட்டும் எட்டும்படி ஒரு திண்டின் மேல் தூக்கி வைத்தாயிற்று. தொட்டித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் வாழைக்குத் திறந்துவிடுகிறேன். அந்த வருடத்து வாழைத்தாரை எதிர்வீட்டுப் பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நத்தை குறைந்தது உண்மை. வாத்து கிளறாது என்பதும் உண்மை. ஆனால் மிதிக்கும். முளைக்கீரை மேல் வரிசையாக நடந்து போனால் பாய் விரித்ததுபோல ஆகிவிடும். இளம் கீரையைத் தின்னவும் தின்னும். ஆகவே மீன்வலை அப்படியே இருக்கிறது. செடி ஒரு சாண் வளர்ந்தபிறகுதான் வாத்துக்கு அனுமதி.

ஆறாம் மாதம் வேறொரு தொல்லை வந்தது. சேவல் வாத்துக்கு ஒரே ஒரு துணை போதவில்லை. அது கோழிகளைத் துரத்த ஆரம்பித்தது. கருப்பி என்கிற பெட்டையின் பிடரியில் இறகு கொட்டி, தோல் தெரிந்தது. கோழிச்சேவல் மிதிப்பதற்கும் வாத்துச்சேவல் மிதிப்பதற்கும் உடலமைப்பிலேயே வித்தியாசம் உண்டு. கோழிக்கு உள்காயமே பட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். சேவலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். கொடுத்தால் அது எங்கே போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். மனைவிதான் சொன்னாள்: "செத்தது நாலு. நாலு பொட்டை வாங்கிட்டு வாங்க."

குறுவை அறுவடைக்கு வந்த வாத்துக்காரர்களிடம் வளர்ந்த பெட்டைகள் நாலு வாங்கினேன். 2014 நவம்பரில் கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழித்ததைப் பேப்பரில் படித்தது நினைவிருந்தது. வாத்து வெளியில் நோய் காட்டாமலே கோழிக்குக் கொடுத்துவிடும். மூன்று வாரம் புதியவற்றைத் தோட்டத்து மூலையில் தனியாக அடைத்து, மனைவி கோழிக்கு ஒரு செருப்பு, அவற்றுக்கு ஒரு செருப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். கலந்து விட்ட பிறகு சேவலின் தொந்தரவு அடங்கியது. கருப்பிக்கு இறகு முளைத்தது.

கோழி முட்டையிட்டால் ஊருக்கே சொல்லும். வாத்து சொல்லாது. விடிவதற்குள் வைக்கோலுக்குள் போட்டு மூடிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். எட்டு மணிக்கு முன் கொட்டகையைத் திறந்தால் முட்டையைத் தொட்டியிலோ வாழை மடலிலோ தேடவேண்டியதுதான். நான் ஐந்து மணிக்கு எழுகிறவன். வாத்துகள் கத்தக் கத்த மூன்று மணி நேரம் காத்திருப்பதற்கு நிறையப் பழகவேண்டியிருந்தது. முட்டையை நான் சாப்பிடுகிறேன். மனைவிக்கு அந்த வாடை ஆகாது. மூலத்துக்கு நல்லது என்று சொல்லி நாலைந்து பேர் வந்து வாங்கிப் போகிறார்கள். நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மடையனை வாத்து மடையன் என்று திட்டுகிறோமே, அது அநியாயம். போன மார்கழியில் ராத்திரி ஒரு மணிக்கு ஐந்து பெட்டையும் சேர்ந்து போட்ட கூச்சலில் எழுந்து போய்ப் பார்த்தால், கொய்யா மரத்தில் கோழிகள் அடைந்த கிளைக்குப் பக்கத்தில் மரநாய். கோழிகள் ஒரு சத்தமும் இல்லாமல் உறைந்து உட்கார்ந்திருந்தன. டார்ச் வெளிச்சத்தில் அது இறங்கி ஓடியது. மறுநாள் மனைவி எண்ணிப் பார்த்தாள். கோழி ஒன்றும் குறையவில்லை.

இந்தத் தையில் செவலை மறுபடியும் அடைக்கு வந்தது. வயதாகிவிட்டது, இதுதான் கடைசியாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் அவள் அடுக்களையிலிருந்து மண்சட்டியோடு வந்தாள். எட்டு முட்டை, எல்லாம் நம் வாத்துகள் போட்டது. ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு.

"பின்கட்டுல ஏதாவது மூட்டை இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"சரி, காலண்டர்ல தேதி போட்டு வைங்க. இருபத்தெட்டு. தண்ணி தெளிக்கிறது உங்க வேலை."

இன்றைக்குப் பதினெட்டு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து தண்ணீர் தெளிக்கிறேன். செவலை இன்னும் கொத்துகிறது.